கைதட்டிய பிள்ளைகள் எப்போது ஓடுவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் குடியிருக்கும் தாய் நான். மகள் தரம் 8இல் படிக்கிறாள், மகன் தரம் 4. சில கிழமைகளுக்கு முன் மகளின் பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடந்தது. பாடசாலைக்கு என்று பெரிய மைதானம் இல்லை. வேறோர் இடத்தில் மைதானம் எடுத்து, அணிநடை, உடற்பயிற்சிக் காட்சி, இல்ல அலங்காரம் எல்லாம் வைத்து, ஆசிரியர்கள் வெயிலில் நின்று நடத்தினார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு என் கண் ஓட்டப் போட்டியில் நிற்கவில்லை, கூடாரத்துக்குள் இருந்த பிள்ளைகளிடமே திரும்பத் திரும்பப் போனது. மகளின் வகுப்பில் நாற்பதுக்குக் கிட்டப் பிள்ளைகள், மைதானத்தில் இறங்கியவர்கள் ஆறேழு பேர். மற்றவர்கள் எல்லாரும் காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் தாண்டும்வரை இல்லத்து நிறத்தில் ரிபன் கட்டிக்கொண்டு கைதட்டினார்கள், கத்தினார்கள், ரோல்ஸ் சாப்பிட்டார்கள், குளிர்பானம் குடித்தார்கள், வீட்டுக்கு வந்தார்கள்.

"நீ ஏன் ஒன்றுக்கும் ஓடவில்லை?" என்று கேட்டேன்.

"நான் சிலெக்ட் ஆகேல்ல, அம்மா."

தெரிவு எப்படி நடந்தது என்று விசாரித்தேன். ஒரு நாள், ஒரே ஒரு தடவை, 100 மீற்றர் ஓடவிட்டிருக்கிறார்கள். முன்னால் வந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டு மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னும் யாரும் அவளை ஒழுங்காக ஓடப் பழக்கியதில்லை, அதற்குப் பின்னும் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை "எனக்கு ஓட வராது" என்று முடிவு கட்டிவிட்டாள். இருபது செக்கனுக்குள் அவளுக்காக எடுக்கப்பட்ட முடிவு அது, ஆயுள் முழுக்க அவளோடு வரப்போகிற முடிவு. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பாடசாலைகளில் விளையாட்டு இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறோம், ஏனென்றால் அதிபரின் அறையில் கிண்ணங்கள் இருக்கின்றன. கிண்ணம் வாங்கித் தந்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், அவர்களுக்கு என் மனமார்ந்த பாராட்டு. மற்ற ஆயிரம் பிள்ளைகளின் கால், நெஞ்சு, முதுகு, கண் இவற்றை யார் பார்க்கிறார்கள்? விளையாட்டுப் போட்டிக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும்போது நாம் எதிர்வீரசிங்கம் அவர்களை நினைவுபடுத்துவோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்து, 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தைச் சொல்லுவோம். சொல்ல வேண்டிய பெயர்கள்தான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிற பிள்ளைக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது பதினைந்து நிமிட ஓட்டம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், 5 வயது முதல் 17 வயது வரையான பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று சொல்கிறது. கிழமையில் மூன்று நாளாவது அதில் கொஞ்சம் கடுமையான பயிற்சியும், தசைக்கும் எலும்புக்கும் பலம் தருகிற அசைவும் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தகவலைத் திரட்டி 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, 11 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளில் 81 சதவீதத்தினர் தினமும் 60 நிமிடம் என்ற அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85, ஆண் பிள்ளைகளில் 78. அதாவது இது கொழும்புக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஆனால் கொழும்பில் அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு நாள் என் மகனின் நேரத்தை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வான் வரும். ஏழரைக்குப் பாடசாலை. இடைவேளையில் பாதி நேரம் கன்ரீன் வரிசையில் போகும், மீதி நேரம் பற்றிஸ் சாப்பிடுவதில் போகும், ஓடினால் மாணவத் தலைவர்கள் பெயர் எழுதுவார்கள். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு, வானில் நெருக்குப்பட்டு வீட்டுக்கு வர இரண்டரை. மூன்று மணிக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூசன் வகுப்பு. ஐந்தரைக்கு வந்து தேநீர் குடித்து, வீட்டு வேலை செய்து, அரை மணி நேரம் போன். வீட்டுக்குள் ஓடினால், "ஓடாதே, கீழ் வீட்டு ஆட்கள் வந்து சண்டை பிடிப்பார்கள்" என்று சொல்வது நானேதான். அன்றைக்கு முழுக்க அவன் மூச்சு வாங்க அசைந்தது நான்கு மாடி ஏறியபோது மட்டும், லிப்ட் வேலை செய்யாததால். ஒன்பது வயது. இதற்குள் கண்ணாடியும் போட்டுவிட்டான்.

பின்னேரம் மரைன் டிரைவில் போய்ப் பாருங்கள். சுதந்திர சதுக்கத்தில், விகாரமகாதேவி பூங்காவில் பாருங்கள். நடக்கிறவர்கள் எல்லாம் அப்பாமாரும் தாத்தாமாரும்தான், அதிலும் பெரும்பாலும் வைத்தியர் சொன்ன பிறகு நடக்கத் தொடங்கினவர்கள். அதே நேரத்தில் பிள்ளைகள் பக்கத்துத் தெருவில் ரியூசன் வகுப்புக்குள் இருக்கிறார்கள். சீனி வருத்தமும் பிரஷரும் வந்த பிறகு நடப்பதற்கு நாற்பது வருடம் காத்திருக்க வேண்டுமா?

சரி, பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் என்று ஒரு பாடமே இருக்கிறதே என்று கேட்பீர்கள். நேரசூசியில் இருக்கிறது. மகளிடம் மூன்று கிழமை தொடர்ந்து கேட்டேன். ஒரு கிழமை மழை. ஒரு கிழமை வகுப்பிலேயே இருந்து புத்தகத்தில் உள்ள குறிப்பு எழுதினார்கள். மூன்றாம் கிழமை, "இண்டைக்கும் கணக்கு மிஸ்தான் வந்தவ" என்றாள். கணக்கு ஆசிரியைமீது எனக்குக் கோபம் இல்லை, அவவுக்குப் பாடத்திட்டம் முடிக்க வேண்டும், தவணைப் பரீட்சை வருகிறது. கோபம் யார்மீது என்றால் பெற்றோராகிய எங்கள்மீதும்தான். பெற்றோர் கூட்டத்தில் எழும்பி, "சும்மா விளையாட விடுகிற நேரத்தில் இன்னொரு கணக்குப் பாடம் எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் நாங்கள்தான். நானும் ஒரு முறை அதற்குத் தலையாட்டியிருக்கிறேன். இன்னொன்று, தரம் 9 வரைக்கும் எல்லாரும் படிக்கிற இந்தப் பாடம் சாதாரண தரத்துக்குப் போனதும் மூன்றாம் தொகுதியில் இருக்கிற விருப்பப் பாடங்களில் ஒன்றாகிவிடுகிறது. அந்தத் தொகுதியில் தகவல் தொழில்நுட்பத்தை எடுத்த பிள்ளைக்கு அதன் பிறகு கட்டாயமாக ஓடுகிற பாடம் என்று ஒன்று இல்லை. பதினைந்து வயதில், உடம்பு வளர்கிற நேரத்தில்.

விளையாட நேரம் கொடுத்தால் புள்ளி குறையும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் இதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் துருவா ரிவியேர் என்ற இடத்தில் 1970களில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தினமும் மேலதிகமாக ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள். மற்றப் பாடங்களின் நேரத்தை வெட்டித்தான் அந்த மணி நேரத்தை எடுத்தார்கள். அப்படி இருந்தும் அந்தப் பிள்ளைகளின் புள்ளி விழவில்லை, மற்ற வகுப்புகளுக்குச் சமமாகவோ மேலாகவோதான் இருந்தது. புலமைப்பரிசிலுக்குப் பிள்ளையைத் தயார்படுத்துகிற ஒவ்வொரு தாயும் தகப்பனும் இதை அறிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் வெட்டியே ஒன்றும் ஆகவில்லை என்றால், பதினைந்து நிமிடத்துக்கு நாம் ஏன் இவ்வளவு பயப்படுகிறோம்?

கண்ணாடி பற்றிச் சொன்னேன். சீனாவின் குவாங்சோ நகரத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஆறு பாடசாலைகளில் தினமும் 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பு கூட்டிக் கொடுத்தார்கள், வேறு ஆறு பாடசாலைகளில் வழக்கம்போல விட்டார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்த பிள்ளைகள் வெளியில் வகுப்பு நடந்த பாடசாலைகளில் 30.4 சதவீதம், மற்றப் பாடசாலைகளில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சத்தில் நிற்பதே கண்ணுக்குக் காவலாக இருக்கிறது. வெளிச்சத்துக்குக் குறைவில்லாத ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகளைக் குழல் விளக்குக்குக் கீழே பூட்டி வைத்திருக்கிறோம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டம், பெரிய நிதி எதுவும் தேவையில்லை என்பதற்கு ஸ்கொட்லாந்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. ஸ்ரேலிங் என்ற ஊரில் ஒரு ஆரம்பப் பாடசாலை. 2012இல் அதன் தலைமை ஆசிரியை எலேன் வைலி, பிள்ளைகள் உடம்பில் தெம்பே இல்லாமல் இருக்கிறார்கள் என்பதைக் கவனித்து, ஒரு வகுப்பை வெளியே கூட்டிப்போய் ஓடவிட்டிருக்கிறார். பெரும்பாலான பிள்ளைகளால் ஒரு சுற்றைத் தாண்ட முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் 15 நிமிடம் வெளியில், ஓடலாம், மெதுவாக ஓடலாம், களைத்தால் நடக்கலாம். உடை மாற்றத் தேவையில்லை, போட்டி இல்லை, முதலாம் இடம் கடைசி இடம் இல்லை, பேசிக்கொண்டே போகலாம். அவ்வளவுதான். இன்று அது "டெய்லி மைல்" என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. பிறகு ஸ்ரேலிங், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் செய்கிற பாடசாலையையும் செய்யாத பாடசாலையையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஓடிய பிள்ளைகளின் உடல் தகுதி கூடியதாகவும் தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு குறைந்ததாகவும் கண்டார்கள்.

அப்படியே தூக்கிவந்து கொழும்பில் வைக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அங்கே குளிர், இங்கே காலை பத்து மணிக்கே சட்டை நனைந்து ஒட்டும். அங்கே புல்வெளி, இங்கே பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் பல பாடசாலைகளுக்கு முற்றமே வான் நிறுத்துகிற இடம். அதனால் நேரத்தை மாற்ற வேண்டும். காலைக் கூட்டம் முடிந்த கையோடு, வெயில் ஏறமுன், வகுப்புக்கு வகுப்பு முறை வைத்துச் செய்யலாம். எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் இறங்கத் தேவையில்லை. மழை நாளில் மண்டபத்தில், மண்டபமும் இல்லையென்றால் வகுப்பில் மேசையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் செய்யலாம். கிளித்தட்டுக்குச் சுண்ணக்கட்டியால் நான்கைந்து கோடு போதும், அதில் ஒரு பிள்ளை பத்து நிமிடம் விளையாடினால் நெற்றியால் வியர்வை வழியும், தட்டு மறிக்கிறவனுக்கு அதைவிட அதிகம். கயிறடிக்க ஆளுக்கு ஒரு கயிறும் ஆறடி இடமும் போதும். கெந்திப் பிடிக்கிறதுக்கு ஒன்றுமே வேண்டாம். இதெல்லாம் நாங்கள் ஒழுங்கையில் விளையாடி வளர்ந்த விளையாட்டுகள்தான், என் பிள்ளைகளுக்கு ஒழுங்கை கிடைக்கவில்லை. இப்போது பாடசாலைதான் அவர்களுக்கு மிஞ்சியிருக்கிற ஒழுங்கை.

காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளை எல்லாப் பாடசாலையிலும் உண்டு. விலைவாசி ஏறிய பிறகு இது கூடியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆசிரியைகள் சொல்கிறார்கள். ஆகவே அசையச் சொல்கிற பாடசாலை, சாப்பிட்டாயா என்றும் கேட்க வேண்டும், தண்ணீர்ப் போத்தலைப் பார்க்க வேண்டும், ஆஸ்துமா உள்ள பிள்ளை யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதை ஆண்கள் எழுத மாட்டார்கள். ஆறாம் ஏழாம் வகுப்புவரை ஓடித் திரிந்த பிள்ளை, பெரியபிள்ளை ஆனதும் மெல்ல மெல்ல ஓரமாகப் போய் இருந்துவிடுகிறாள். வெள்ளைச் சீருடை. மாதத்தின் அந்த நாட்களில் வெள்ளைச் சீருடையோடு ஓடுவது என்றால் எந்தப் பிள்ளைக்கும் பயம்தான். உடை மாற்ற அறை இல்லை, மலசலகூடத்தில் தண்ணீர் வருமோ தெரியாது, பூட்டு இல்லை. வீட்டிலும், "இனி என்ன ஓட்டமும் பாய்ச்சலும், அடக்கமாக இரு" என்று ஒரு பெரியம்மாவாவது சொல்லிவிடுவார். உலகக் கணக்கில் 85க்கும் 78க்கும் இடையில் இருக்கிற இடைவெளியில் இந்தப் பூட்டில்லாத கதவுக்கும் ஒரு பங்கு இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். விளையாட்டுப் பாடம் உள்ள நாளில் கடும் நிறத்தில் ரீசேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போட்டு வர விடுங்கள். சில பாடசாலைகள் ஏற்கெனவே விடுகின்றன, எல்லாரும் விடலாம். ஒரு பூட்டு, ஒரு வாளித் தண்ணீர், ஒரு குப்பைக்கூடை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்டால் ஒரு மாதத்தில் செய்துவிடலாம்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். வீட்டு வேலை செய்யாத பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது, பிந்தி வந்தால் தோப்புக்கரணம், சத்தம் போட்ட வகுப்புக்கு விளையாட்டுப் பாடம் நிறுத்தம். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, ஓடுவது நல்லது என்று சுகாதாரப் புத்தகத்தில் படிப்பித்தால் பிள்ளை எதை நம்பும்?

அடுத்தது நிறை. தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது, உயரமும் நிறையும் எடுக்கிறார்கள். நல்ல விஷயம், தொடர வேண்டும். ஆனால் அளவு எடுக்கும்போது இலக்கத்தைச் சத்தமாக வாசிப்பதால் அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர் வந்துவிடுகிறது. சிங்கப்பூர் 1992இல் பாடசாலைகளில் ஒரு திட்டம் தொடங்கி, பருமனான பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து மேலதிகப் பயிற்சி கொடுத்தது. பருமன் குறையத்தான் செய்தது. ஆனால் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்கவே இல்லை, 2007இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்றுக்கு மாறினார்கள். ஸ்லோவேனியா என்ற சிறிய நாட்டில் 1980களிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் உடல் தகுதியை அளக்கிறார்கள், பெற்றோரின் சம்மதத்தோடு. போன வருடம் இருந்ததைவிட இந்த வருடம் எப்படி என்று அந்தப் பிள்ளையும் வீட்டாரும் பார்க்கலாம், அடுத்த மேசைப் பிள்ளையோடு ஒப்பிட அல்ல. நாமும் அளப்போம் என்றால் அப்படி அளப்போம். இருபது மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு, ஒரு விசில், ஒரு கொப்பி. மகளுக்குப் போன தவணையில் அந்தக் கோடுகளுக்கு இடையில் எத்தனை தரம் ஓடினாள், இந்தத் தவணையில் எத்தனை தரம் என்று தெரிந்தால் போதும், அவள் தன்னைத்தானே முந்துவாள்.

நான் கேட்பது இதுதான். நேரசூசியில் இருக்கிற உடற்கல்விப் பாடத்தை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது, மழை பெய்தாலும் பரீட்சை வந்தாலும். அதற்கு மேல், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 15 நிமிடம். 60 நிமிடத்தில் கால்வாசிதான் அது, மிச்சத்துக்கு வீட்டில் நாங்கள் பொறுப்பு. இல்ல விளையாட்டுப் போட்டியில் வேகமாக ஓடுகிறவர்களுக்கான ஓட்டங்கள் இருக்கட்டும், அதோடு எல்லாப் பிள்ளைகளும் இறங்குகிற ஒரு நிகழ்ச்சியும் இருக்கட்டும், வகுப்பு முழுக்க அஞ்சலோட்டம் என்றாலும் சரி, முடிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி என்றாலும் சரி. ஓட முடியாத பிள்ளை, சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை, அவர்களுக்கும் அதில் இடம் வேண்டும், கூடாரத்தில் இருந்து பார்ப்பது போதாது. வலயக் கல்விப் பணிமனையில் இருப்பவர்கள் பாடசாலைக்கு வரும்போது புலமைப்பரிசில் பெறுபேற்றைக் கேட்பதுபோல, இந்தக் கிழமை எத்தனை உடற்கல்விப் பாடம் நடந்தது என்றும் கேட்க வேண்டும்.

மகனின் புலமைப்பரிசில் வகுப்பைக் கிழமையில் ஒரு நாள் குறைத்துவிட்டேன். வீட்டில் சண்டையே நடந்தது, இன்னும் முழுதாக முடியவில்லை. அந்த ஒரு நாள் பின்னேரம் இரண்டு பிள்ளைகளையும் மரைன் டிரைவுக்குக் கூட்டிப் போகிறேன். முதல் நாள் மகள் மூன்று விளக்குக் கம்பம்வரை ஓடி இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். போன புதன்கிழமை பதினொன்று. எண்ணினது அவள்தான், நான் கேட்கவே இல்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் அடுத்த மாதம். இந்தக் கடிதத்தின் பிரதியோடு போகிறேன், மலசலகூடப் பூட்டிலிருந்து தொடங்கப்போகிறேன். வாசிக்கிற பெற்றோர் இன்றைக்கே உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள், இந்தக் கிழமை விளையாட்டுப் பாடம் நடந்ததா, நடந்திருந்தால் நீ ஓடினாயா, இருந்து பார்த்தாயா என்று.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.